மேட்டில் ஓடும் ஆறு: கோசி வடிநிலமும் செயற்கைக்கோள் வரைபடங்களும்

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தின் சுன்சரி மாவட்டத்தில் குசாஹா என்னும் ஊரருகே கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. இந்திய எல்லையை ஒட்டிய பீம்நகர் கதவணைக்கு ஏறத்தாழ 12 கி.மீ. மேலே அமைந்த இடம் அது. ஆற்று நீரின் பெரும்பகுதி அந்த உடைப்பின் வழியே வெளியேறித் தெற்கே பீகாருக்குள் இறங்கியது. அதுவரை ஓடிய தடத்துக்கும் புதிதாகப் பிடித்த தடத்துக்கும் இடையே சில இடங்களில் 120 கி.மீ. வரை தொலைவு இருந்தது. சுபௌல், மதேபுரா, சஹர்சா, அரரியா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர். கோசி வெள்ளத்தைப் பல பத்தாண்டுகளாகக் கண்டிராத ஊர்கள் அவற்றுள் பல. படகு வைத்திருக்க வேண்டிய தேவை அங்கே பலருக்கு இருந்ததில்லை.

அன்று ஆற்றில் ஓடிய நீரின் அளவுதான் இந்நிகழ்வில் முதலில் கவனிக்க வேண்டியது. உடைப்பின்போது கோசியில் வினாடிக்கு ஏறத்தாழ 1.44 லட்சம் கனஅடி நீர் ஓடிக்கொண்டிருந்தது. கரைகளோ 9.5 லட்சம் கனஅடியைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. 1968 அக்டோபரில் 9 லட்சம் கனஅடிக்கும் மேற்பட்ட நீர் அதே ஆற்றில் வந்திருக்கிறது. வடிவமைப்பு அளவில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டாத நீரில் கரை உடைந்தது. ஆகவே 2008ஆம் ஆண்டின் பேரிடரை மழையின் மிகுதியைக் கொண்டு விளக்க இயலாது. ஆறு ஓடிய நிலத்தின் வடிவத்தையும், அந்த வடிவத்தை மனிதர்கள் எப்படி வரைபடமாக்கினார்கள் என்பதையும் கொண்டே விளக்க வேண்டும்.

*

தமிழில் 'வடிநிலம்' என்று ஒரு சொல் வழங்குகிறது. எந்தெந்த நிலத்தில் விழும் மழை ஓரிடத்தில் வந்து வடிகிறதோ, அந்த நிலம் முழுவதும் ஓர் ஆற்றின் வடிநிலம். இச்சொல்லுக்குள் ஓர் அனுமானம் பொதிந்திருக்கிறது: நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வடியும், பள்ளத்தின் அடியில் ஆறு இருக்கும். நவீன ஆற்றியலும் இந்த அனுமானத்தின் மேல்தான் எழுந்தது. 1945இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஹார்ட்டன், ஓடைகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகும் முறையைப் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார். 1952இல் ஆர்தர் ஸ்ட்ராலர் அம்முறையைத் திருத்தி எளிமையாக்கினார். இரு முதல்நிலை ஓடைகள் கூடினால் இரண்டாம் நிலை. இரு இரண்டாம் நிலை ஓடைகள் கூடினால் மூன்றாம் நிலை. இன்றும் புவியியல் மாணவர்கள் முதலில் கற்பது இக்கணக்கையே. அந்நாளில் இதற்குக் கருவி நிலவரைபடமும் பென்சிலும் மட்டுமே. சமவுயரக் கோடுகளைத் தொடர்ந்து சென்று, நீர்ப்பிரிமேட்டைக் கையால் வரைந்து, ஓடைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

1984இல் ஓ'கல்லகன், மார்க் என்னும் இருவர் இவ்வேலையைக் கணினிக்கு மாற்றும் வழியொன்றை வெளியிட்டனர். நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயர எண் தந்துவிட்டால், ஒரு சதுரத்தில் விழும் நீர் அதைச் சூழ்ந்த எட்டுச் சதுரங்களில் எது மிகச் சரிவாகத் தாழ்ந்திருக்கிறதோ அதை நோக்கி ஓடும் என்று கொள்ளலாம். எல்லாச் சதுரங்களுக்கும் இப்படித் திசை குறித்த பின், ஒவ்வொன்றின் வழியாக எத்தனை சதுரங்களின் நீர் கடந்து செல்கிறது என்று கூட்டினால், கூட்டுத்தொகை மிகுந்த சதுரங்கள் தாமாகவே ஒரு கோடாகத் திரண்டு நிற்கும். அக்கோடே ஆறு. அதன் மீது ஓரிடத்தைத் தொட்டு, இங்கே வந்து சேரும் நீரெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வடிநிலத்தின் எல்லை சில நொடிகளில் திரையில் விரியும். இன்று புழங்கும் வரைபட மென்பொருள்கள் பலவற்றின் அடியிலும் இந்த எளிய விதியோ அதன் திருத்தமோ இருக்கிறது.

விதி கிடைத்தபின்னும் உலகம் முழுமைக்குமான உயர எண்கள் கிடைக்கவில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு பூமியை அளந்தது. வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை, உலக நிலப்பரப்பின் 80 விழுக்காட்டுக்கு உயர எண்கள் அதனால் கிடைத்தன. 2005இல் ஏவப்பட்ட இந்தியாவின் கார்ட்டோசாட்-1 ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுத்து நாட்டுக்கெனத் தனி உயர மாதிரியை உருவாக்க உதவியது. முன்பு ஒரு நில அளவைக் குழு பல ஆண்டுகள் செய்த பணியை, ஓர் ஆய்வு மாணவர் ஒரு மாலைப் பொழுதில் செய்யும் நிலை வந்தது.

*

கோசியின் மலைப்பகுதியில் இம்முறை பிசகின்றி வேலை செய்கிறது. சப்தகோசி என்னும் பெயருக்கேற்ப ஏழு ஆறுகளின் கூட்டு அது. சுன்கோசி, அருண், தமோர் ஆகிய மூன்றும் கிழக்கு நேபாளத்தின் திரிவேணியில் கலந்து, சத்ரா என்னும் இடத்தில் மலையை விட்டு வெளியேறுகின்றன. மென்பொருளில் சத்ராவைத் தொட்டால், எவரெஸ்ட் முதல் கஞ்சன்ஜங்கா வரையிலான பனிமலைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் எழுந்து நிற்கும். அருண் இமயத்துக்கு அப்பால் திபெத்தில் தோன்றி மலைத்தொடரை அறுத்துக்கொண்டு வருவதும் தெளிவாகத் தெரியும். பரப்பளவில் அருணின் பங்கே மிகப் பெரிது. ஆனால் திபெத்தின் மழைமறைவு நிலத்தில் மழை குறைவாதலால், நீரில் மிகுந்த பங்கைத் தருவது சுன்கோசிதான். உயர எண்களோடு மழை எண்களையும் அடுக்கிப் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படும்.

சத்ராவுக்குக் கீழே கதை மாறுகிறது. செங்குத்தான மலையிலிருந்து திடீரெனச் சமவெளியில் விழும் கோசி, தான் சுமந்து வரும் மணலையும் வண்டலையும் அங்கே இறக்குகிறது. ஆண்டுக்குப் பல கோடி டன் அளவில் இறங்கும் அவ்வண்டல், பல்லாயிரம் ஆண்டுகளில் ஒரு மாபெரும் விசிறியாகப் படிந்திருக்கிறது. அதன் கைப்பிடி சத்ரா. விரிந்த ஓரம் கங்கைக் கரை. நீளம் 150 கி.மீ.க்கும் மேல். உலகின் மிகப் பெரிய வண்டல் விசிறிகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

விசிறியின் நடுப்பகுதி ஓரங்களைவிட உயர்ந்தது. கிழக்கு மேற்காக ஒரு குறுக்குவெட்டு எடுத்துப் பார்த்தால், நிலம் குழிந்த கிண்ணமாக இல்லாமல் கவிழ்த்த தட்டாகத் தோன்றும். அத்தட்டின் முதுகில் ஆறு ஓடுகிறது. ஓடும் தடத்தில் வண்டல் படியப் படிய அத்தடம் உயர்கிறது. போதிய அளவு உயர்ந்ததும் நீர் பக்கத்துப் பள்ளத்தைத் தேடி இடம் மாறுகிறது. பின் அந்தப் பள்ளம் உயர்கிறது. இப்படி மாறி மாறி ஓடியதால்தான் விசிறியே உருவாயிற்று. இங்கே நிலம் ஆற்றில் வடிவதில்லை. ஆறே நிலத்தின் மேல் பரவிப் பிரிகிறது. 'வடிநிலம்' என்னும் சொல்லில் பொதிந்த அனுமானம் சத்ராவுக்குக் கீழே செல்லாது.

கணினியின் விதியும் அங்கே தடுமாறுகிறது. ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் நில உயரம் சில பத்து சென்டிமீட்டர்களே மாறும் சமவெளி அது. விண்ணோட ரேடார் தந்த உயர எண்களிலோ சில மீட்டர் பிழை இயல்பு. மரங்களின் தலையையும் கூரைகளையும் ரேடார் நிலமென்றே எண்ணிக்கொள்வதும் உண்டு. 30 மீட்டர், 90 மீட்டர் சதுரங்களுக்குள் ஒடுங்கிய ஒரு மண்கரை, பல இடங்களில் தடயமின்றி மறைந்துவிடும். இத்தகைய இடங்களில் மென்பொருள் வரையும் ஓடைகள் உண்மையான ஆற்றோடு பொருந்துவதில்லை. இதைச் சரிசெய்ய வரைபடவியலாளர் ஓர் உத்தியைக் கையாள்கின்றனர். வேறு வரைபடத்திலிருந்து ஆற்றின் கோட்டை எடுத்து, அக்கோடு செல்லும் சதுரங்களின் உயரத்தைச் செயற்கையாகக் குறைத்து, நீர் அவ்வழியே ஓடும்படி செய்கின்றனர். உலகளாவிய ஆற்று வரைபடத் தரவுகளிலும் இம்முறை பயன்பட்டிருக்கிறது. பொதுவான தேவைகளுக்கு இது ஏற்கத்தக்க உத்தியே. கோசியைப் பொறுத்தவரை இதன் விளைவு விபரீதமானது. 'ஆறு எங்கே ஓடும்?' என்னும் கேள்விக்கு, 'இப்போது எங்கே ஓடுகிறதோ அங்கே' என்னும் விடையை நாமே எழுதிக் கொடுத்து, பின் கணினியிடமிருந்து அதையே பெற்றுக்கொள்கிறோம். மென்பொருள் பிழையென்று காட்டிய ஓடைகளுள் சில, உண்மையில் ஆறு கைவிட்ட பழைய தடங்கள்; அவையே 2008இல் மீண்டும் ஆறாயின.

*

கோசி இடம் மாறும் என்பது செயற்கைக்கோள் கண்டுபிடித்துச் சொன்ன செய்தி அன்று. 18ஆம் நூற்றாண்டில் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜேம்ஸ் ரென்னல் வரைந்த வரைபடங்களில், கோசி இன்றைய தடத்துக்கு வெகு கிழக்கே, பூர்ணியா நகரின் பக்கமாக ஓடுகிறது. 1863இல் ஜேம்ஸ் ஃபெர்கூசன், கங்கைக் கழிமுகத்தின் ஆறுகள் வண்டலால் தம் தடத்தை உயர்த்திக்கொண்டு இடம் மாறுவதைப் பற்றி விரிவாக எழுதினார். 1895இல் ஷில்லிங்ஃபோர்ட் கோசியின் தட மாற்றங்களை மட்டுமே பொருளாகக் கொண்டு கட்டுரை வெளியிட்டார். 1937 நவம்பரில் பாட்னாவில் கூடிய வெள்ள மாநாட்டில், பீகாரின் தலைமைப் பொறியாளர் கேப்டன் ஹால், கரைகள் வெள்ளத்துக்குத் தீர்வாகா, அவை தீங்கையே வளர்க்கும் என்னும் கருத்தை முன்வைத்தார். வண்டல் சுமக்கும் ஆற்றைக் கரைக்குள் அடைத்தால் வண்டலும் கரைக்குள்ளேயே படியும் என்பது அன்றே அறியப்பட்டிருந்தது.

விடுதலைக்குப் பின் இக்கருத்து பின்தள்ளப்பட்டது. 1953, 1954ஆம் ஆண்டுகளின் வெள்ளங்கள் உடனடித் தீர்வைக் கோரின. 1954 ஏப்ரலில் இந்தியாவும் நேபாளமும் கோசி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1955 ஜனவரியில் கரை கட்டும் பணி தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் பீம்நகர் கதவணை எழுந்தது. ஆறு தொடர்ந்து மேற்கு நோக்கி நகர்கிறது, அந்நகர்வை நிறுத்த வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1966இல் கோலே, சித்தாலே ஆகிய இந்தியப் பொறியாளர்கள் இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, இரு நூற்றாண்டுகளில் கோசி 110 கி.மீ. அளவுக்கு மேற்கே நகர்ந்ததாக ஆண்டுகளோடு கூடிய வரைபடத்தில் காட்டியது. கிழக்கிலிருந்து மேற்கே வரிசையாக அடுக்கிய அக்கோடுகள், எண்ணற்ற பாடநூல்களில் இடம்பெற்றன.

பிற்கால ஆய்வுகள் அவ்வரிசையைக் கேள்விக்குள்ளாக்கின. 1987இல் வெல்ஸ், டோர் ஆகிய இருவர், கோசியின் இடமாற்றங்களைப் பெருவெள்ளங்களோடும் நிலநடுக்கங்களோடும் ஒப்பிட்டு, அவற்றிடையே தொடர்பு காணவில்லை என்று எழுதினர். புறக்காரணம் எதுவுமின்றி, வண்டல் படிவு ஒன்றினாலேயே இவ்வாறு இடம் மாறும் இயல்புடையது என்பது அவர்கள் துணிவு. 2010இல் தபன் சக்ரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் 1760 முதல் 1960 வரையிலான பழைய வரைபடங்களைத் திரட்டி, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தனர். ஒரே திசையில் நடந்த பயணம் அவற்றில் தென்படவில்லை. முன்னும் பின்னுமாக, ஒழுங்கின்றி இடம் மாறிய ஆறே தென்பட்டது. பழைய வரைபடமும் புதிய மென்பொருளும் கூடியபோதுதான் இம்முடிவு கிட்டியது. மேற்கே செல்லும் ஆறு எனில் மேற்கே ஒரு சுவர் போதுமென்று தோன்றலாம். எப்பக்கமும் திரும்பக்கூடிய ஆறு எனில், கிழக்கே நெடுந்தொலைவில் வாழ்பவர்களும் அதன் கரையோர மக்களே ஆகின்றனர்.

*

1972இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-1 முதல், விண்ணிலிருந்து வரும் படங்கள் இவ்வாய்வுக்கு மற்றொரு சான்றைத் தந்தன. அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியில் நீர் கறுத்துத் தோன்றும். பசுந்தாவரம் மிக வெளிச்சமாகத் தோன்றும். மழை ஓய்ந்த மாதங்களில் எடுத்த படங்களில், கோசியின் கைவிடப்பட்ட தடங்கள் ஈரமான வளைகோடுகளாக, குட்டைகளின் தொடராக, வயல்களின் ஒழுங்கை மீறிய நெளிவுகளாக விசிறி முழுவதும் காணக்கிடைக்கின்றன. வெள்ளக் காலத்தில் மேகம் மறைப்பதால் இப்படங்கள் உதவா. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களே அப்போது கண். 2008இல் உடைப்புக்குப் பின் எடுத்த படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டபோது, ஆறு புதுவழி எதையும் வெட்டவில்லை, பழந்தடங்களிலேயே இறங்கியது என்பது உறுதியானது.

அதே உண்மையை அந்நிலத்தின் மொழியும் காத்து வைத்திருக்கிறது. கோசி வட்டாரத்தில் மெலிந்த ஓடைகள் பலவற்றின் பெயர் 'தார்' என்று முடியும். தமிழில் 'தாரை வார்த்தல்' என்னும்போது ஒலிக்கும் 'தாரை'யும் இதுவும் 'தாரா' என்னும் வடசொல்லில் கிளைத்தவை. நீரோட்டம் என்பது பொருள். கோடையில் ஒரு சிறுவன் தாண்டிவிடக்கூடிய வாய்க்காலுக்கு ஊரார் 'தார்' என்று பெயர் வைத்திருப்பது, ஒரு காலத்தில் அங்கே ஓடியது வாய்க்கால் அன்று என்பதன் நினைவு. இன்றைய ஆற்றுக்கு வெகு கிழக்கே, கடிஹார் பக்கத்தில் ஓடும் ஒரு சிற்றாற்றின் பெயர் 'காரி கோசி', அதாவது கரிய கோசி. ஆறு நீங்கிய பின்னும் பெயர் நீங்கவில்லை. நில அளவைத் தாள்களில் அச்சான இப்பெயர்களைத் தொகுத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் இட்டால், அவை ஈரக் கோடுகளின் மேல் சென்று அமர்வதைக் காணலாம். உயர எண்களில் சில மீட்டர் பிழை இருக்கும் நிலத்தில், இப்பெயர்களும் அளவைக்கு நிகரான தரவே.

பேரிடருக்குப் பின் நடந்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ராஜீவ் சின்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்டது. 'ஆறு எங்கே ஓடுகிறது?' என்னும் வழக்கமான கேள்வியை அவர்கள் மாற்றினர். ஆற்றுக்குக் குறுக்கே பல வெட்டுமுகங்களை உயர மாதிரியிலிருந்து எடுத்து, ஆற்றுத் தடம் பக்கத்து நிலத்தைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது, பக்கவாட்டுச் சரிவு ஆற்றின் முன்னோக்கிய சரிவைவிட எத்தனை மடங்கு மிகுந்திருக்கிறது என்று கணக்கிட்டனர். ஆறு கரையை நெருங்கி வந்த இடங்களைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து குறித்தனர். இரண்டையும் சேர்த்து, தடம் மாறும் அபாயம் மிகுந்த இடங்களை வரிசைப்படுத்தினர். மேட்டில் ஓடும் ஆற்றுக்கு உரிய கேள்வி இதுவே.

*

உடைப்பு 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடைக்கப்பட்டது. ஆறு மீண்டும் கரைகளுக்குள் திருப்பப்பட்டது. வயல்களில் மணல் படிந்து கிடந்தது. உழவர்கள் பலர் அதன் மேலேயே மீண்டும் பயிரிடத் தொடங்கினர். கரைகள் வலுவாக்கப்பட்டன. கரைகளுக்கிடையே வண்டல் படிவதும் தொடர்கிறது.

2024 செப்டம்பர் இறுதியில் பீம்நகர் கதவணை வழியாக 6.61 லட்சம் கனஅடி நீர் வெளியேறியது. 1968க்குப் பின் 56 ஆண்டுகளில் அதுவே மிக உயர்ந்த அளவு. இம்முறை தர்பங்கா மாவட்டத்தில் மேற்குக் கரை உடைந்தது. 2008இல் கிழக்கு, 2024இல் மேற்கு. இவ்விரண்டுக்கும் முன்பு, 1963இல் நேபாளத்தின் டல்வா, 1984இல் சஹர்சாவின் நவஹட்டா. கரைகள் கட்டி முடித்த காலந்தொட்டு இவ்வரிசை நீள்கிறது.

இரு கரைகளுக்கும் இடையே 300க்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. கரை எழுப்பியபோது வெளியேற இடமின்றியோ, வெளியே நிலமின்றியோ அங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர் ஆண்டுதோறும் வீட்டைப் பிரித்துக் கட்டி வாழ்கின்றனர். கரைக்கு வெளியே இருக்கும் நிலம் அரசுப் புள்ளிவிவரத்தில் 'வெள்ளத்திலிருந்து காக்கப்பட்ட பகுதி' என்று நிற்கிறது. கரை குறுக்கே நிற்பதால் மழைநீர் ஆற்றில் சேர வழியின்றி அங்கே தேங்கி நிற்பதும், உடைப்பு நேர்ந்தால் முதலில் மூழ்குவது அப்பகுதியே என்பதும் அந்தச் சொற்றொடரில் இடம்பெறவில்லை. கோசியின் எல்லையை ஆற்றின் இரு கரைகளோடு முடித்துவிடும் வரைபடத்திலிருந்து பிறந்த சொற்றொடர் அது.

விசிறி முழுவதையும் கோசியின் நிலமாக வரைந்தால் இச்சொல் நிற்காது. குசாஹாவுக்குத் தெற்கே 'தார்' என்று பெயர் கொண்ட ஓடைகளின் கரையில் இருப்பவரும், கரைகளுக்கிடையே இருப்பவரும் ஒரே ஆற்றின் மக்கள் என்பது தெரியவரும். எச்சரிக்கை யாருக்குச் செல்ல வேண்டும், படகுகள் எங்கே இருக்க வேண்டும், சாலையும் ரயில்பாதையும் எந்தத் தடத்தின் குறுக்கே நீர்வழி விட்டு எழ வேண்டும் என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை அவ்வரைபடத்தில் இருக்கிறது. அதற்கு வேண்டிய உயர எண்கள், 50 ஆண்டுப் படங்கள், இரண்டரை நூற்றாண்டு வரைபடங்கள், ஊரார் இட்ட பெயர்கள் அனைத்தும் கையில் உள்ளன. 2008 ஆகஸ்ட் 18க்கு முன்பும் அவற்றுள் பெரும்பாலானவை கையில் இருந்தன.